நங்கூரமும் திருகாணியும்: பற்சீரமைப்பு வரலாற்றில் ஒரு தாமதம்

ஒரு கருவி கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டும் அது வழக்கிற்கு வந்த ஆண்டும் ஒன்றாயிருத்தல் அரிது. இடைப்பட்ட காலத்தை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஒரு வாக்கியத்திற் கடந்துவிடுகின்றன. பற்சீரமைப்பு மருத்துவத்திற் பயன்படும் சிறு திருகாணியின் வரலாற்றிலோ அவ்விடைவெளி அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்டது.

முன்பல்லைப் பின்னிழுக்க வேண்டின், பின்னுள்ள கடைவாய்ப்பல்லைப் பற்றியே இழுத்தல் வேண்டும். தாக்கத்திற்குச் சமனும் எதிருமான மறுதாக்கம் உண்டென்ற நியூற்றனின் விதி வாய்க்குள்ளும் செல்லுபடியாவதால், கடைவாய்ப்பல் முன்னோக்கி நகர்ந்துவிடும். அதனை நகராது தடுப்பதையே மருத்துவர் நங்கூரம் என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல், தலையையும் கழுத்தையும் சுற்றிய வார்ப்பட்டிகள் இதற்குப் பயன்பட்டன. நாள்தோறும் பல மணிநேரம் அவற்றை அணிய வேண்டியோர் பெரும்பாலும் சிறுவரே. அவர்கள் அணியாதபோது சிகிச்சை பிழைத்தது. நோயாளி ஒத்துழைக்கவில்லை என மருத்துவர் கூறினர். கருவியின் குறை பிள்ளையின் குற்றமாயிற்று என்றே கூறத் தோன்றுகிறது.

எலும்பையே நங்கூரமாக்கும் எண்ணம் புதியதன்று. 1945 இல் அமெரிக்கரான கெயின்ஸ்போர்த்தும் ஹிக்லியும் நாய்களின் தாடையெலும்பில் வைற்றாலியம் என்னும் கலப்புலோகத் திருகாணிகளைச் செலுத்திப் பற்களை இழுத்தனர். 16 முதல் 31 நாட்களுள் அவை யாவும் கழன்றன. எண்ணம் பிழையன்று, உலோகமும் முறையுமே போதாதிருந்தன என்பது பின்னரே புலனாயிற்று. ஆயினும் அத்தோல்வியின் பின்னர் அத்துறை நெடுங்காலம் உறங்கியது.

இதற்கிடையில் சுவீடனைச் சேர்ந்த பிரோனமார்க், தைத்தேனியம் எலும்போடு ஒன்றிவிடுவதைக் கண்டறிந்து, 1965 இல் முதன்முதலாக மனிதரின் தாடையில் அதனைப் பதித்தார். 1982 இல் நடைபெற்ற ரொறன்ரோ மாநாடு அம்முறைக்கு வட அமெரிக்காவில் ஏற்புடைமையை ஈட்டிக் கொடுத்தது. பற்சீரமைப்புக்கு இவ்வெற்றி துணையாக மட்டுமன்றித் தடையாகவும் அமைந்தது என்பதே எனது கருத்து. ஏனெனில், ஏறக்குறைய 4 மி.மீ. விட்டமுள்ள பதியத்தை வைத்து, 3 முதல் 6 மாதங்கள் பாரமேற்றாது காத்திருத்தலே சரியான முறை என்னும் நம்பிக்கையை அது வேரூன்றச் செய்தது. பல்வேர்களுக்கிடையே அத்துணை இடமில்லை. சிகிச்சை முடிந்ததும் அகற்றவேண்டிய ஒன்றை எலும்போடு ஒன்றச் செய்வதும் பொருத்தமன்று.

1983 இல் கிறீக்மோரும் எக்லண்டும் வெளியிட்ட ஒரு நோயாளியின் வரலாறு இந்நம்பிக்கைக்கு மாறானது. மூக்கின் முன்முள்ளெலும்பிற்குக் கீழே ஒரு திருகாணியைச் செலுத்தி, பத்தே நாட்களின் பின் விசை பிரயோகித்து, மேல் வெட்டும் பற்களைச் சுமார் 6 மி.மீ. உயர்த்தினர். ஆயினும் இதனைப் பின்பற்றியோர் மிகச் சிலர். அடுத்த ஆண்டு ரொபேர்ட்ஸ் குழுவினர் முயல்களில் நிகழ்த்திய ஆய்விலும், ஆறு வாரங்களேனும் ஆறவிட்ட பின்னரே விசை பிரயோகிக்கப்பட்டது.

தடை தளர்ந்தது இரு படிகளில். 1997 இல் யப்பானியரான கனோமி 1.2 மி.மீ. விட்டமும் 6 மி.மீ. நீளமுமுடைய திருகாணியைப் பயன்படுத்தினார். அவரும் காத்திருந்தவரே. 1998 இல் கொஸ்ரா குழுவினர் உடனடியாகவே பாரமேற்றினர். அதன்பின் கொரிய மருத்துவர்கள் இதனை அன்றாட முறையாக வளர்த்தெடுத்தனர்.

இவ்வளவில் நிகழ்ந்தது உலோகத்தின் மாற்றம் மட்டுமன்று. பெரிய பதியத்திற்குச் சத்திரசிகிச்சை நிபுணர் தேவைப்பட்டார். சிறு திருகாணியையோ பற்சீரமைப்பு மருத்துவர் தாமே சில நிமிடங்களிற் செலுத்தலாம். கருவி பரவியமைக்கு இதுவே தலையாய காரணம் எனலாம். ஆனால் அத்துறையினர் சத்திரத்தைக் கையாளப் பயின்றவரல்லர். பயிற்சியின்மை, பல்வேரைத் துளைத்துவிடுவோமோ என்னும் அச்சம், நோயாளியின் தயக்கம், செலவு ஆகியன பலரை இன்றும் பின்னிற்கச் செய்கின்றன. நூற்றுக்குப் பதின்மூன்று அளவில் திருகாணிகள் தளர்ந்து பயனற்றுப் போவதாக 2012 இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது.

அசையாத நங்கூரம் என்னும் புகழ்ச்சியும் முழுதும் உண்மையன்று. 2004 இல் தாய்வானில் லியூ குழுவினர் அளந்தபோது, உறுதியாக நின்ற திருகாணிகளும் சராசரி 0.4 மி.மீ. அளவு முன்சாய்ந்திருந்தன. ஆகவே திருகாணிக்கும் பல்வேருக்கும் இடையே 2 மி.மீ. இடம் விடுமாறு அவர்கள் பரிந்துரைத்தனர்.