கைப்பைக்கு வந்த அளவுச் சட்டம்

உம்ராவுக்குப் போகிறவர்களை வழியனுப்ப கட்டுநாயக்க போனால், கவுண்டர் முன்னால் கைப்பையைத் திறந்து சாமான்களை அங்குமிங்கும் மாற்றும் உம்மாமாரை நாம் பார்த்திருப்போம். எல்லாம் பாதுகாப்புக்குத்தான் என்று நினைத்துக்கொள்வோம். வியாபாரச் சண்டையும் அதற்குள் இருக்கிறது.

2000ஆம் ஆண்டு, வாஷிங்டனுக்கு அருகிலுள்ள டலஸ் விமான நிலையத்தில் சோதனை இயந்திரங்களின் வாயில் அளவுச் சட்டங்கள் பொருத்தப்பட்டன. அதற்குள் நுழையாத பை உள்ளே போகாது. முன்னின்றது யுனைட்டட் நிறுவனம். ஆனால் மற்ற நிறுவனங்களின் பயணிகளும் அதே வழியால்தான் போக வேண்டும். கொன்டினென்டலோ காசு செலவழித்து, தன் விமானங்களில் தலைக்கு மேலுள்ள பைத் தட்டுகளைப் பெரிதாக்கி வைத்திருந்தது. விடுமா? வழக்குப் போட்டு 2001இல் வென்றது. 2002 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்தது. (பிறகு இரண்டும் ஒரே நிறுவனமாகிவிட்டன!)

2008இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் உள்நாட்டுப் பயணிகளின் முதல் பெட்டிக்கே 15 டொலர் கேட்டது. சனம் எல்லாவற்றையும் கைப்பைக்குள் திணித்தது. 2010இல் ஸ்பிரிட் நிறுவனம் அந்தக் கைப்பைக்கும் காசு கேட்டது.

2015இல் அயாட்டா 55 × 35 × 20 சென்டிமீற்றர் என்று ஒரு பொது அளவை முன்வைத்தது. எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே நிறுத்திவைத்தது. ஆகவே போன முறை ஏற்றுக்கொண்ட பைதானே என்று நம்பிப் போகாதீர்கள். டிக்கட் எடுத்த நிறுவனத்தின் அளவை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.