நரம்பணுக்களின் யாத்திரை

பெருமூளையின் புறணியில் ஆறு அடுக்குகள் உண்டு. அங்கே அமரும் நரம்பணுக்கள் அவ்விடத்தே பிறந்தவை அல்ல. கருவின் மூளைக்குள், நீர் நிறைந்த அறைகளின் அருகே தோன்றி இடம்பெயர்ந்தவை.

அவை எம்முறையில் வந்தன? 1961-இல் ஆஞ்சவின், சிட்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், கருவுற்ற சுண்டெலிகளுக்குக் கதிரியக்கமுள்ள தைமிடினைச் செலுத்திப் புதிய அணுக்களுக்கு அடையாளமிட்டனர். முன்னர்ப் பிறந்தவை பெரும்பாலும் ஆழத்தில் தங்கின. பின்னர்ப் பிறந்தவை அவற்றைக் கடந்து மேலே சென்றன.

செல்லும் வழியை 1972-இல் பாஸ்கோ ராகிச் விளக்கினார். குரங்குக் கருவின் மூளையை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் ஆராய்ந்து, பனையேறுபவர் மரத்தைத் தழுவுவதுபோல் இளம் அணுக்கள் நீண்ட இழைகளைத் தழுவியிருப்பதைக் காட்டினார். அவ்விழைகளையுடைய அணுக்களே நரம்பணுக்களை ஈனும் தாயணுக்கள் என்பது இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தெளிவாயிற்று.

இவ்யாத்திரை தடைப்பட்டால், மூளை மடிப்பின்றி வழவழப்பாக அமையக்கூடும்; குழந்தைக்கு வலிப்பும் அறிவு வளர்ச்சிக் குறைவும் நேரும். அக்குறையின் காரணத்தை மருத்துவர் இன்று கருவின் அந்நெடுவழியிலேயே தேடுகின்றனர்.