பரணை யார் சுமந்தது?

கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளைச் சமீபத்தில் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். பெங்களூர்க்காரர், 1910இல் பிறந்து 1974இல் இறந்தவர். அஞ்செட்டி, பென்னாகரம், ஒகேனக்கல் பக்கமெல்லாம் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்தவர். சின்ன வயதில் படித்தபோது புலி மட்டும்தான் கண்ணில் பட்டது. இந்த முறை என்னவோ, அவர் மரத்தில் கட்டிக்கொண்ட பரண்தான் மனதில் நின்றது. சில கதைகளில் சின்னக் கட்டில் ஒன்றைக் கையோடு கொண்டுவருகிறார். மூங்கில் சட்டம், நடுவில் நாடாப் பின்னல். கிளைகளுக்கு இடையே கயிறு போட்டுக் கட்டினால் பரண் ரெடி.

காட்டில் கம்புக்கா பஞ்சம், எதற்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வரணும்? யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. புலி அடித்துப் போட்ட மாட்டுக்குப் பக்கத்திலேயே மரம் வெட்டினால் அந்தச் சத்தம் போதும், புலி திரும்ப வராது. பச்சைக் கம்புகளைச் சேர்த்துக் கட்டினால் ராத்திரியில் லேசாக அசைந்தாலும் கிறீச்சிடும். நாடாக் கட்டில் சத்தம் போடாது. எடையும் குறைவு.

ஆங்கிலேயர் இந்தப் பரணை இந்தியில் உள்ளபடி 'மச்சான்' என்றே எழுதினார்கள். (நம்ம ஊரில் "மச்சான் மேல ஏறி உட்கார்ந்தேன்" என்றால் வேறு அர்த்தம் ஆகிவிடும்.) நமக்குப் பரண் புதிதில்லை. சங்கப் பாட்டில் தினைப்புனத்தில் கட்டிய பரணுக்கு இதணம் என்றே ஒரு பேர் உண்டு. ஆனால் அது கிளி ஓட்ட, காவல் காக்க. ஒருமுறை கட்டினால் அறுவடை வரை அங்கேயே நிற்கும், எடை பற்றி யாருக்கும் கவலையில்லை.

ராஜாக்களுக்கும் அந்தக் கவலை இருந்ததில்லை. மேவார் ராணாக்கள் ஆரவல்லி மலையில் வேட்டைக்கென்று கல்லாலேயே கோபுரம் கட்டினார்கள். 'ஓதி' என்று பேர். ராணா உள்ளே உட்கார்ந்திருப்பார், ஆட்கள் காட்டைக் கலைத்து விலங்கை அவர் முன்னால் ஓட்டிவருவார்கள். அவர் விலங்கைத் தேடிப் போக வேண்டியதில்லை, அதனால் பரணும் நகர வேண்டியதில்லை.

ஜிம் கார்பெட் இதற்கு நேர் எதிர். 1910இல் குமாவோனில் பனார் சிறுத்தைக்காக உட்கார்ந்தபோது அவருக்குப் பரணே கிடையாது. சாய்ந்து நின்ற ஒரு ஓக் மரம், அதன் கிளை, அவ்வளவுதான். புலி போலல்ல சிறுத்தை, சர்வ சாதாரணமாக மரம் ஏறும். அதனால் நீளமான முள் கிளைகளை வெட்டிவந்து மரத்தோடு இறுக்கிக் கட்டச் சொன்னார். இருட்டியதும் சிறுத்தை வந்தது. கட்டியிருந்த ஆட்டை விட்டுவிட்டு, அந்த முள் கிளைகளைப் பல்லால் பிடித்து இழுத்தது. கட்டு தாங்கியது. அந்தக் கட்டுதான் அன்றைக்கு அவர் உயிர். பரண் பொருத்துவதைப் பற்றி நான் படித்ததில் இதைவிடத் திகிலான பக்கம் இல்லை.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு இங்கே அந்தக் கதை முடிந்தது, நல்லதுதான். ஆனால் பரண் என்ற கருவி அமெரிக்காவில் வேறு வழியில் வளர்ந்தது.

1900 வாக்கில் அங்கே வெள்ளைவால் மான் சில லட்சங்களாகச் சுருங்கியிருந்தது. வேட்டைக் கட்டுப்பாடுகளும், துப்பாக்கி, தோட்டா மீதான வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குத் திருப்பிய 1937ஆம் வருடச் சட்டமும் சேர்ந்து மானைத் திரும்பக் கொண்டுவந்தன. இன்றைக்குக் கிட்டத்தட்ட 3 கோடி. 1969இல் ஹாலஸ் ஆலன் கப்பி வைத்த வில்லுக்குக் காப்புரிமை வாங்கினார். வில் வேட்டை பெருகியது. வில்லுக்கு மான் இருபது, முப்பது கஜத்துக்குள் வந்தாகணும். மானின் மூக்கையும் கண்ணையும் ஏமாற்ற மரத்தின் மேலே ஏறுவதுதான் சுலபம். ஆனால் இந்த வேட்டைக்காரருக்குக் கலைத்துத் தர ஆளில்லை. பொதுக் காட்டில் விடியுமுன் தனியாக நடக்கிறார், எல்லாம் அவர் முதுகில். மரத்தில் திருகி ஏறும் ஆணிப்படிகளைப் பல மாநிலங்களில் பொது நிலத்தில் தடை செய்துவிட்டார்கள், மரம் கெடுகிறது என்று. அதனால் நாடாவாலோ கயிற்றாலோ கட்டும் 'கிளைம்பிங் ஸ்டிக்'. அலுமினியத் தண்டு, இரண்டு பக்கமும் கால் வைக்கப் படி. ஒன்று ஒரு கிலோ அளவில் இருக்கும். மூன்று நான்கை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டே ஏறி, கடைசியில் நான்கைந்து கிலோ மேடையைத் தொங்கவிட வேண்டும்.

வாங்குகிறவர்கள் கிராம் கணக்கில் எடை பார்க்கிறார்கள். எனக்கென்னவோ எடையைவிட மரம்தான் முதலில். உயிருள்ள மரம், நேரான தண்டு, உதிராத பட்டை. பட்டுப்போன மரத்தில் எந்த நாடாவும் நம்பிக்கையில்லை. மேடையைக் கட்டியபின் கீழ்நோக்கி அழுத்தி, பல் மரத்தில் கடிக்கிறதா என்று பார்க்கணும். உலோகம் உலோகத்தில் இடிக்கும் இடத்தில் துணி நாடா சுற்றுகிறார்கள். கிறீச் சத்தத்துக்குப் பயந்த அதே கவலை.

கார்பெட்டுக்கு ஆபத்து கீழேயிருந்து ஏறி வந்தது. இவர்களுக்குத் தரைதான் ஆபத்து. அமெரிக்க வேட்டைக்காரர்கள் அடிபடுவதில் முக்கியக் காரணம் மரத்திலிருந்து விழுவது. உட்கார்ந்திருக்கும்போது விழுகிறவர்களைவிட ஏறும்போதும் இறங்கும்போதும், குறிப்பாக ஸ்டிக்கிலிருந்து மேடைக்குக் காலை மாற்றும் அந்த ஒரு நொடியிலும் விழுகிறவர்களே அதிகம். மின்கம்பம் ஏறுகிறவர்களின் இடுப்புப் பட்டையைக் கடன் வாங்கினார்கள், இரண்டு கையும் கட்டு வேலைக்குக் கிடைத்தது. மலையேறிகளிடமிருந்து, 1931இல் கார்ல் பிரூசிக் எழுதிவைத்த முடிச்சு வந்தது. தொங்கும் கயிற்றில் கையால் தள்ளினால் நகரும், எடை விழுந்தால் இறுகிப் பிடிக்கும். இடுப்பில் மட்டும் கட்டிய பழைய பெல்ட் போய், தோள், மார்பு, தொடை எல்லாம் சேர்த்துப் பிடிக்கும் பட்டை வந்தது.

அதுவும் முழுத் தீர்வில்லை. பட்டையில் தொங்கிக்கொண்டே இருந்தால் தொடையில் ரத்த ஓட்டம் தடைபட்டு, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். அதனால் பையில் இன்னொன்றும் சேர்ந்தது, கால் நுழைத்து எழுந்து நிற்க ஒரு துண்டு நாடா.