கட்டைபறிச்சானில் மாரி முடிவு நடுகையும் பங்காளர் தோட்டமும்

கட்டைபறிச்சான், இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே மூதூர் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள தமிழ்க் கிராமம். ஆண்டு மழையின் பெரும்பங்கை ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றே கொண்டுவருகிறது. வைகாசிக்குப் பின் மலைநாட்டைத் தாண்டிவரும் கச்சான் வறண்டு சூடேறி, பூவையும் பிஞ்சையும் உதிர்க்கும். குளிர்நாடுகளின் இளவேனில் நடுகைக்கு இங்கு ஈடானது, இவ்விரு காற்றுகளுக்கும் இடைப்பட்ட தை முதல் சித்திரை வரையான காலமே. அங்கு உறைபனி விலகக் காத்திருப்பார்கள். இங்கு பாத்தியில் தேங்கிய நீர் வடியக் காத்திருக்க வேண்டும். குடும்பங்கள் பருவத் தொடக்கத்திலேயே பணம் கொடுத்து விளைச்சலில் பங்கு பெறும் தோட்டமுறைக்கு இக்குறுகிய காலம் மிகவும் ஏற்றது.

ஜப்பானில் 1970களில் ‘தெய்கெய்’ என்ற பெயரில் வளர்ந்த இம்முறை, 1986இல் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் வேர்கொண்டது. விளைந்தாலும் பொய்த்தாலும் பங்காளரும் தோட்டக்காரரும் சேர்ந்தே தாங்குவதுதான் அதன் உயிர்நாடி. மூதூர்ப் பக்கத்துப் பயிர்களின் வயதை வைத்துப் பார்த்தால் பங்கீடு தானாகவே அமைந்துவிடுகிறது: தைக் கடைசியில் விதைத்தால் கீரை ஒரு மாதத்திலும், வெண்டி ஏறத்தாழ ஒன்றரை மாதத்திலும், பயற்றை அதற்குச் சற்றுப் பின்னும் கைக்கு வரும், கத்தரியும் பூசணியும் சித்திரையைப் பிடிக்கும். சந்தையை மட்டும் நம்பினால் எல்லோரும் ஒரே கிழமையில் நட்டு ஒரே கிழமையில் பறிப்பார்கள். விலை அப்போதுதான் விழும். வாங்குவோர் முன்னரே உறுதியாக இருந்தால் கீரையையும் வெண்டியையும் இரண்டு கிழமைக்கு ஒருமுறை சிறிது சிறிதாக விதைக்கலாம். விதைக்கும் எரிபொருளுக்கும் வியாபாரியிடம் முற்பணம் வாங்கி, அவர் சொல்லும் விலைக்கே காயைக் கொடுக்கும் நிலையும் தளரும்.

போரில் 2006இல் இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்கள் வாழும் பகுதியில் பங்குக்கு முற்பணம் யார் தருவார் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் பெரும்போக நெல் மாசி, பங்குனியில் வெட்டப்படுகிறது. வயல் வீடுகளில் நெல்லோ காசோ புழங்குவது அப்போதுதான். பங்குப் பணத்தை நெல்லாகவும், வயலில்லாதவரிடம் தோட்டக் கூலியாகவும் பெற்றால் ஏழைக் குடும்பங்களும் விலக்கப்பட மாட்டா. நெல் அறுவடைக் காலத்தில் தோட்டத்துக்கு ஆள் கிடைக்காது என்பாரும் உண்டு. வெட்டு இயந்திரம் வந்தபின் அந்த நெருக்கடி முன்போல் இல்லை. இத்தோட்டத்தை இரசாயன உரமின்றி நடத்தினால் விளைச்சல் குன்றும் என்ற அச்சத்துக்கு 2021இன் அனுபவமே காரணம்: உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, விவசாயிகள் தத்தளித்த பின் அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. அங்கே கெடுத்தது அவசரம். மாட்டெருவும் இலைகுழையும் மண்ணைத் தேற்றச் சில பருவங்கள் பிடிக்கும். அந்த இடைவெளியைத் தாங்கத்தான் பங்காளரின் பணம் வேண்டும்.

கடுமையான தடை தண்ணீர்தான். கரையோரக் கிணற்றை அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறும், பிறகு அந்தத் தோட்டமே பாழ். ஆகவே பங்காளர் எண்ணிக்கையைச் சேர விரும்புவோரின் தொகையைக் கொண்டு தீர்மானிக்கக் கூடாது. முந்தைய ஆண்டுப் பங்குனி வெயிலில் கிணறு எவ்வளவு ஊறியது என்ற அளவைப் பார்த்து, அது நனைக்கக்கூடிய பாத்திகளுக்கு மட்டுமே பங்கு விற்க வேண்டும்.