மணி மருந்தும் அமிட்டும்

கேரளத்து இடுக்கி மலையில் உள்ள சின்னக்கானலில் பட்டாசு என்றதும் தீபாவளி நினைவுக்கு வராது, யானைதான் வரும். சிங்குகண்டம், பி.எல்.ராம், பன்னியார் எஸ்டேட் பக்கம் இரவில் இறங்கும் வனத்துறை வாட்சரின் ஒரு கையில் டார்ச் இருக்கும், தோள்பையில் ஒரு கட்டு பட்டாசு இருக்கும். மலையாளத்தில் படக்கம், தமிழில் பட்டாசு, தோட்டத்து லயங்களில் இரண்டு பெயரும் ஒரே வாயில் புரளும். போடிமெட்டு வழியாக இறங்கினால் தேனியைத் தாண்டிச் சிவகாசி. மேற்கே இறங்கி வடக்கே திரும்பினால் பாலக்காட்டு நெம்மாறை. கையால் வாணவேடிக்கை செய்யும் இரண்டு மரபுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது இந்த மலை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியவில்லை.

வானத்தில் குடையாக விரிந்து அணைகிற ஒவ்வொரு ஒளிப்பொட்டும் தரையில் ஒரு சின்ன உருண்டையாக இருந்ததுதான். சுண்டைக்காய் அளவிலும் உண்டு, கொண்டைக்கடலை அளவிலும் உண்டு. சிவகாசியில் அதை மணி மருந்து என்பார்கள். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்குப் பேரியம், மஞ்சளுக்குச் சோடியம், நீலத்துக்குச் செம்பு. இதில் நீலம்தான் எல்லோருக்கும் கண்டம். நீலம் தரும் செம்புச் சேர்மம் கடுஞ்சூட்டில் சிதைந்துவிடும், சூடு குறைந்தாலோ ஒளி மங்கிவிடும். சிவகாசிக்காரரும் சரி, கேரளத்து ஆசானும் சரி, நல்ல நீலத்தைப் பார்த்தால் ஒரு நிமிடம் பேச மாட்டார்கள். எதை எவ்வளவு சேர்ப்பது, எப்படி உருட்டுவது என்பதை நான் எழுதப் போவதில்லை. லைசென்ஸும் போர்மேனும் இல்லாத வீட்டில் அது சமையல் குறிப்பாகிவிடக் கூடாது.

இரண்டு இடத்திலும் கைதான் கருவி. வசதி இல்லாததால் கையால் செய்கிறார்கள் என்பது பாதிதான் சரி. இந்த மருந்துக்கு உராய்வு ஆகாது. இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் ஒரு பொறி போதும், நைலான் சேலையில் ஏறும் மின்னேற்றமே போதும். அதனால்தான் பருத்தி உடுத்தச் சொல்கிறார்கள், மருந்துக் கலவையைக் காலைக் குளிரிலேயே முடிக்கப் பார்க்கிறார்கள். சீனத்து லியூயாங்கில் பல வேலைகள் இயந்திரத்துக்குப் போய்விட்டன. இங்கே இன்னமும் விரல்தான். மருந்து இறுகுவதும் இளகுவதும் விரலுக்குத் தெரிகிறது. மணிகள் ஒரே அளவில் இல்லாவிட்டால் சில முன்னால் அணையும், சில பின்னால் அணையும், வானத்தில் பூ பொக்கைவாயாகிவிடும். இந்த ஒழுங்கை விரல்கள் எப்படிப் பிடிக்கின்றன என்று கேட்டால் செய்கிறவர்களுக்கே சொல்லத் தெரியாது.

ஒற்றுமை இவ்வளவுதான். இதற்குப் பிறகு இரண்டு கைகளும் வேறு வேறு உலகத்தில் வேலை செய்கின்றன.

சிவகாசி வறட்சியின் பிள்ளை. விவசாயம் பொய்த்த கரிசல் பூமியிலிருந்து 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது. 1940-இன் வெடிபொருள் விதிகள் லைசென்ஸ் முறையை இறுக்கிய பிறகு தொழிற்சாலைகள் முறையாக எழுந்தன. மழையில்லாத வானம் உழவனுக்குச் சாபம். மணி மருந்தைக் களத்தில் காயப்போடுகிறவருக்கு அதுவே வரம். ஆண்டு முழுக்கச் செய்து ஒரே ஒரு பண்டிகைக்கு விற்பது சிவகாசிக் கணக்கு.

கேரளத்தில் மழை பாதி ஆண்டைத் தின்றுவிடும். ஈரக்காற்றில் மருந்து காயாது. தாலப்பொலி, வேலா, பூரம் என்ற கோயில் விழாக்கள் எல்லாம் மகரம் முதல் மேடம் வரைக்கும் வருவது அறுவடையோடு ஒட்டிய வழக்கம்தான். ஆனால் வெடிமருந்து காய்வதும் அந்த மாதங்களில்தான். கொச்சி மன்னர் சக்தன் தம்புரான் காலத்தில், அதாவது 18-ஆம் நூற்றாண்டின் கடைசியை ஒட்டித் தொடங்கிய திருச்சூர்ப் பூரத்தில் பாறமேக்காவு, திருவம்பாடி என்ற இரண்டு கோயில்களும் எதிரெதிர் அணி. நெம்மாறையில் நெல்லிக்குளங்கரை பகவதிக்கு மீனம் 20-ஆம் தேதி, ஏப்ரல் தொடக்கத்தில், நெம்மாறை தேசமும் வல்லங்கி தேசமும் (தேசம் என்றால் அங்கே ஊர்ப்பகுதி) போட்டி போடும். இங்கே செய்வது விற்பனைக்கு அல்ல. ஒரே ஒரு இரவுக்கு.

விருதுநகர்ப் பக்கம் எனக்குச் சித்தி முறை ஒருவர் இருக்கிறார். இருபது வருடமாகப் பேன்சி ரகத்தில் வேலை. எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் அலுமினியத் தூளின் வெள்ளி போகாது. பேரன் அதைப் பார்த்து ஆச்சி மோதிரம் போட்டிருக்கு என்பான். ஒருநாள் கேட்டேன்: “நீங்க செஞ்சது மேல போய் எப்படி வெடிக்கும்னு பாத்திருக்கீங்களா சித்தி?”

“அது டெல்லிக்குல்ல போகுது” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே, “அங்கயும் இப்ப வெடிக்க விடுறதில்லையாம்ல” என்றார்.

உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-இல் பசுமைப் பட்டாசு மட்டும் போதும் என்றது. பேரியத்தையும் சரவெடியையும் விலக்கியது. தீபாவளிக்கு இரவு 8 முதல் 10 வரை என்று நேரமும் வகுத்தது. டெல்லிக்காரர் மூச்சுவிட வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பச்சை மணிக்குப் பேரியம்தான் உயிர். ஒரு நிறத்தையே ஒரு தீர்ப்பு எடுத்துக்கொண்டால், அதை உருட்டிப் பழகிய விரல் அடுத்த நாள் காலையில் என்ன செய்யும் என்பது யார் கணக்கிலும் வரவில்லை.

நெம்மாறைக்கு ஒருமுறை போயிருக்கிறேன். அறுவடை முடிந்து மீனச் சூட்டில் பாளம் பாளமாகப் பிளந்து கிடந்த வயல். அதன் நடுவே வரிசையாகக் குழல்கள் புதைத்திருந்தார்கள். அந்தி மங்கியதும் தொடங்கியது. முதலில் ஓலைப்படக்கத்தின் பொரிச்சல், பிறகு காதைவிட நெஞ்சில் அதிகம் கேட்கிற குண்டுகள், அப்புறம் வானத்தில் போய் விரிகிற அமிட்டு என்ற வாணம். ஒவ்வொரு அமிட்டு விரிந்ததும் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒரு தலையசைப்பில் தீர்ப்புச் சொன்னார். சிவப்பிலிருந்து வெள்ளைக்கு மாறுகையில் ஓரிரண்டு பொட்டு பிந்தினால் உதட்டைப் பிதுக்கினார். அவர் வெடி செய்கிறவர் இல்லை, தேங்காய் வியாபாரி. மறுநாள் டீக்கடையில் ஆசானின் பெயரைச் சொல்லியே சண்டை நடந்தது. சிவகாசி மணிக்குப் பெயர் உண்டென்றால் அது டப்பாவின் மேல் அச்சடித்த கம்பெனிப் பெயர். இங்கே ஊருக்கே ஆளைத் தெரியும். 2022 பூரத்தில் திருவம்பாடியின் வெடிக்கெட்டை, அதாவது வாணவேடிக்கையை, ஷீனா சுரேஷ் ஏற்று நடத்தியபோது, அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் என்று பத்திரிகைகள் கொண்டாடின. சிவகாசியில் இந்தத் தொழிலைத் தாங்குவதே பெண்கள் கைதான். அதை யாரும் செய்தியாக எழுதுவதில்லை.

பெயர் கிடைக்கிற இடம் உயர்த்தி, கூலி கிடைக்கிற இடம் தாழ்த்தி என்று எழுதிவிட்டுப் போகலாம். விபத்துகள் அப்படி எழுத விடவில்லை. 2012 செப்டம்பர் 5, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டி: தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கையில் ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2016 ஏப்ரல் 10, கொல்லம் பரவூர் புற்றிங்கல் கோயில்: அனுமதி மறுக்கப்பட்ட வாணவேடிக்கைப் போட்டி, பொறி விழுந்து வெடிக் கிடங்கு எரிந்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒரு பக்கம் செய்கிறவர் சாகிறார், மறுபக்கம் பார்க்கிறவர் சாகிறார் என்று நான் நெடுநாள் பிரித்து வைத்திருந்தேன். முதலிப்பட்டியில் முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடி வந்தவர்களும் இறந்தார்கள் என்று படித்த பிறகு அந்தக் கோடு அழிந்துவிட்டது.

இரண்டிலும் கையை அவசரப்படுத்தியது எது என்பதில்தான் வித்தியாசம். சிவகாசியில் அது எண்ணிக்கைக் கூலி. ஓர் அறையில் நாலு பேர் என்பது விதி. உள்குத்தகைக்கு விட்ட ஆலையில் அந்த நாலு எட்டாகும். அறை போதாதபோது மரத்தடியும் அறையாகும். கேரளத்தில் அது எதிர் தேசம். அவர்கள் நேற்று வெடித்ததைவிட ஒரு பங்கு கூடுதலாக வெடிக்க வேண்டும் என்ற வீறாப்பு. பொட்டாசியம் குளோரேட்டைக் கந்தகத்தோடு சேர்ப்பது 1992-லிருந்தே நாடு முழுக்கத் தடை. ஆனாலும் மலிவும் சத்தமும் கருதி குளோரேட் இரண்டு மாநில விபத்துச் செய்திகளிலும் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. எந்தச் சட்டம் எதைத் தொடுகிறது என்பதும் வேறு. சிவகாசியில் சட்டம் அறையை அளக்கிறது, கேரளத்தில் மைதானத்தை அளக்கிறது. 2024 அக்டோபரில் வெடிபொருள் விதியைத் திருத்தி, வெடி வைக்கும் கிடங்குக்கும் வெடிக்கும் இடத்துக்கும் 200 மீட்டர் வேண்டும் என்றதும், பூரம் நடக்கும் தேக்கின்காடு மைதானத்தில் அதற்கு இடமேது என்று திருச்சூர் கோயில் நிர்வாகங்களான தேவஸ்வங்கள் கொதித்தன. அதே மாதக் கடைசியில் காசர்கோடு நீலேசுவரத்தில் தெய்யம் பார்க்க வந்த கூட்டத்துக்குப் பக்கத்திலேயே வெடிச் சேமிப்பு தீப்பிடித்துப் பலர் கருகினார்கள். பூரத்தை விரும்புகிறவன்தான் நானும். ஆனால் அந்த 200 மீட்டர் வாதத்தில் என் மனம் அளவு நாடாவின் பக்கம்தான்.

சின்னக்கானலில் பட்டாசுக்கு ரசிகர் இல்லை, போட்டியும் இல்லை. 2023 ஜனவரியில் இங்கே யானை விரட்டப் போன வாட்சர் ஒருவரை யானை கொன்றது. ஏப்ரல் 29-இல் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை மயக்க ஊசி போட்டு, நான்கு கும்கிகளை வைத்துப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். பெரியாறு காட்டில் விட்டது ஒரு மாதத்துக்குள் கம்பம் நகரத் தெருவில் நடந்தது. ஜூனில் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டு போனார்கள். இன்னொரு யானையான சக்கைக்கொம்பன் இங்கேயே இருந்தான்.

ஓர் இரவு ஆனையிறங்கல் அணைக்கரையில் ஒற்றை யானை நின்றது. வாட்சர் முதலில் சரவெடி போட்டார். காது ஒருமுறை அசைந்ததோடு சரி. பையைத் துழாவியவருக்குக் கையில் கிடைத்தது பேன்சி ரகம் ஒன்று, போன தீபாவளி மிச்சம். அது மேலே போய் ஏலக்காட்டின் மீது விரிந்தது. பத்துப் பன்னிரண்டு பொட்டுகள், எல்லாம் ஒரே அளவு, எல்லாம் ஒரே நொடியில் அணைந்தன. நீர்ப்பரப்பில் இன்னொரு வட்டம் விரிந்து அணைந்தது. யானை தும்பிக்கையைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது. கரியும் கந்தகமும் கலந்த அந்த வாடைக்கு ஒருமுறை தும்மிவிட்டு, மறுபடியும் புல்லைப் பிடுங்கத் தொடங்கியது.