ஆணி அடித்த கம்பளம்

கம்பளத்தில் காபி கொட்டிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இன்று நூறு பதில்கள் கிடைக்கின்றன. உப்பைத் தூவு என்பார் ஒருவர், வினிகரைத் தெளி என்பார் இன்னொருவர், கடையில் விற்கும் நுரைப் புட்டியைக் காட்டுவார் மூன்றாமவர். பதில்கள் இத்தனை இருப்பதால் கேள்வியும் பழையது என்று நினைத்துவிடுகிறோம். கம்பளம் என்று ஒன்று வந்த நாளிலிருந்தே வீட்டுப் பெண்கள் குனிந்து கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், பிறகு வேதியியல் வந்து அவர்கள் முதுகை நிமிர்த்தியது என்பது நம் மனத்தில் உள்ள கதை. கம்பளம் என்னவோ மிகப் பழையதுதான். அல்தாய் மலையில் பாசிரிக் என்ற இடத்தில், பனிக்கட்டி உறைந்துபோன ஒரு கல்லறையிலிருந்து ருதென்கோ என்ற ரஷ்யத் தொல்லியலாளர் 1949இல் வெளியே எடுத்த முடிச்சுக் கம்பளம் ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முந்தையது. அதன் சிவப்பு இன்றும் சிவப்பாகத்தான் தெரிகிறது. ஆனால் கிடக்கும் இடத்திலேயே வைத்துக் கறை எடுக்கவேண்டிய கம்பளம் அண்மைக் காலத்துப் பொருள். அந்தச் சிக்கலை உண்டாக்கியது தறியோ சமையலோ இல்லை. கம்பளத்தைத் தரையோடு சேர்த்து அடித்த ஆணி.

கம்பளத்தின் மேலேயே காலமெல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் ஈரானியர்கள். அவர்கள் வீடுகளில் கறையைச் சமாளிக்கும் தொழில்நுட்பம் என்னவாக இருந்தது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் கம்பளத்தின் மேல் சோஃப்ரே என்ற துணியை விரிப்பார்கள். ரொட்டியும் சோறும் குழம்பும் அந்தத் துணியின் மேல்தான். சாப்பிட்டு முடிந்ததும் நான்கு மூலையையும் கூட்டிப் பிடித்து, வெளியே கொண்டுபோய் உதறிவிடுவார்கள். நம் ஊர்ப் பந்தியில் வாழை இலையும் பந்திப்பாயும் செய்த வேலையை அங்கே சோஃப்ரே செய்தது. உணவுக்கும் கம்பளத்துக்கும் நடுவே ஒரு மலிவான பொருள் இருக்கவேண்டும், அழுக்காவது அதன் கடமை என்பது இந்த ஏற்பாட்டின் சூத்திரம். அதையும் மீறித் தேநீர் கொட்டத்தான் செய்யும். அப்போது கம்பளம் தண்ணீரைத் தேடிப் போனது. டெஹ்ரானுக்குத் தெற்கே ரேய் நகரத்தில் செஷ்மே அலி என்ற ஊற்றில் கம்பளங்களைக் கொண்டுவந்து அலசி, கஜார் வம்ச மன்னர் ஒருவரின் உருவம் செதுக்கிய பாறைச் சரிவிலேயே வெயிலில் காயப்போடுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. சோப்புக்குப் பதில் சூபக் என்ற வேர். நம் பூந்திக்கொட்டையைப் போல அதுவும் சப்போனின் நுரை தரும். கம்பளி காரத்தைத் தாங்காது என்பதால் அந்த மென்மையான நுரை அதற்கு ஏற்றது.

கழுவும்படி இருந்தது தற்செயல் இல்லை, நெய்யும்போதே எண்ணிச் செய்தது. மஞ்சிட்டி இனத்து வேரின் சிவப்பைப் படிகாரம் கம்பளி நூலோடு கட்டிப்போட்டது. அவுரியின் நீலம் தண்ணீரில் கரையாதது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து வந்த மலிவான அனிலின் சாயங்கள் தண்ணீர் பட்டதும் ஓடின, வெயில் பட்டதும் வெளுத்தன. கஜார் அரசு அவற்றுக்குத் தடை போட்டதன் காரணம் ஏற்றுமதிப் பெயரைக் காப்பதுதான் என்றாலும், ஒரு கம்பளம் கழுவத் தாங்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் இருக்கிறது. அந்த எதிர்பார்ப்பு சமயத்திலும் ஏறியிருக்கிறது. காஷானுக்கு அருகே மஷ்ஹதே அர்தெஹால் என்ற ஊரில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் காலிஷூயான் என்ற சடங்கு நடக்கிறது. கொலையுண்ட ஒரு புனிதரின் உடலைக் கம்பளத்தில் சுற்றி ஓடைக்குக் கொண்டுபோய் நீராட்டியதன் நினைவாக, ஒரு கம்பளத்தைத் தடி ஏந்திய கூட்டம் ஓடைக்கு எடுத்துச்சென்று நீர் தெளிக்கிறது. 2012இல் யுனெஸ்கோ இதைத் தன் பட்டியலில் சேர்த்தது. கம்பளத்தைத் தோளில் தூக்கி ஓடைக்குப் போவதே இயல்பு என்றிருந்த சமூகத்தில்தான் இப்படியொரு சடங்கு பிறக்க முடியும்.

ஐரோப்பாவுக்குள் வந்த கீழைக் கம்பளம் முதலில் தரையையே தொடவில்லை. ஹோல்பைன் 1533இல் வரைந்த ‘தூதர்கள்’ ஓவியத்தில் அது மேசை விரிப்பு. அந்த மேசையில் சாப்பிடுவதானால் மேலே வெள்ளைத் துணி போட்டார்கள். மறுபடியும் நடுவே ஒரு துணி. இங்கே ஒரு மறுப்பு வரும்: அக்காலத்து மனிதர்களுக்கு அழுக்கே உறைக்கவில்லை, அதனால்தான் கறை ஒரு சிக்கலாகத் தெரியவில்லை என்று. சான்றாக அறிஞர் எராஸ்மஸைக் காட்டலாம். 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கில வீடுகளைப் பற்றி எழுதிய கடிதத்தில், களிமண் தரையில் பரப்பிய கோரைப் புல்லின் அடியில் எச்சிலும் பீரும் மீன் துண்டுகளும் ஆண்டுக்கணக்கில் ஊறிக்கிடந்ததாக அவர் முகம் சுளித்திருக்கிறார். ஆனால் அவர் பார்த்தது கோரை. கோரையை மிதித்தார்கள், மேல்வாரியாக மாற்றினார்கள், கம்பளத்தை மேசைமேல் ஏற்றினார்கள். எதில் கொட்டலாம், எதில் கொட்டக்கூடாது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ஆணி வந்தது பிறகுதான். 18, 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குறுகலான பட்டைகளாக நெய்த கம்பளங்களைச் சேர்த்துத் தைத்துச் சுவருக்குச் சுவர் அடிப்பது நாகரிகமானது. பிகலோ என்பவரின் விசைத்தறி அமெரிக்காவிலும் பிறகு இங்கிலாந்திலும் விலையை இறக்க, நடுத்தர வீடுகளும் இதைப் பின்பற்றின. இனிக் கம்பளம் ஓடைக்குப் போகாது. ஆண்டுக்கு ஒருமுறை ஆணி பிடுங்கி முற்றத்தில் அடித்துத் தூசி தட்டினால் அதுவே பெரிது. இந்த இடத்தில்தான் வீட்டுக் குறிப்பு நூல்களில் கம்பளக் கறை ஒரு தனித் தலைப்பாகத் தலைகாட்டுகிறது: கொழுப்புக்கு முல்தானி மட்டி போன்ற களிமண், மங்கிய நிறத்துக்கு மாட்டுப் பித்தநீர். பித்தநீர் என்றதும் அருவருக்க வேண்டியதில்லை. குடலில் கொழுப்பைக் கரைக்கும் அதே உப்புகள் கம்பளத்திலும் கொழுப்பைக் கரைத்தன, நூல் சாயத்தையும் அதிகம் கெடுக்கவில்லை. தூசிக்கு ஈரத் தேயிலை தூவிப் பெருக்குவதை 1861இல் வந்த மிசஸ் பீட்டனின் நூல் வேலைக்காரிக்குச் சொல்கிறது. இருந்தும் விக்டோரிய வீடு பழைய சூத்திரத்தை முழுக்கக் கைவிடவில்லை. சாப்பாட்டு மேசைக்கு அடியில் ட்ரக்கெட் என்ற முரட்டுக் கம்பளித் துணியை விரித்து, விழும் துணுக்குகளை அதில் பிடித்தார்கள். ஐரோப்பியச் சோஃப்ரே என்றே அதைச் சொல்லலாம். 1868இல் ஈஸ்ட்லேக் போன்ற ரசனை ஆசான்கள் சுவரோரத்தில் மரத்தரை தெரிய நடுவில் மட்டும் கம்பளம் போடச் சொன்னார்கள், அது சுருட்டி எடுக்க எளிது என்பதும் ஒரு காரணம். 1876இன் பிசெல் பெருக்கியும் 1901இன் பூத் வெற்றிடக் கருவியும் தூசிக்கான விடைகள். கொட்டிய ஒயினுக்கு அவற்றால் ஒன்றும் ஆகவில்லை.

ஆக, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆணி தளர்ந்துகொண்டிருந்தது. அதை மறுபடி இறுக்கியது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டால்ட்டன் என்ற சிற்றூர். 1895இல் கேத்தரின் எவன்ஸ் என்ற பதினைந்து வயதுப் பெண் ஒரு பழைய படுக்கை விரிப்பைப் பார்த்துத் தடித்த நூலைத் துணியில் குத்தி இழுத்துக் கத்தரித்து ஒரு விரிப்புச் செய்தாள். 1900இல் ஒன்றை இரண்டரை டாலருக்கு விற்றாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கற்றுக்கொள்ள, 41ஆம் எண் நெடுஞ்சாலையோரக் கொடிகளில் மயில் படம் போட்ட விரிப்புகள் தொங்கிச் சாலைக்கே மயில் தெரு என்று பெயர் வந்தது. இந்தக் குத்தும் வேலையை இயந்திர ஊசிகளுக்குக் கொடுத்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அகலமான கம்பளங்களே செய்யத் தொடங்கினார்கள். தறியைவிட இது பலமடங்கு வேகம். 1950களின் இறுதியில் டூபாண்ட் நிறுவனம் கம்பளத்துக்கென்றே உப்பிய நைலான் இழையைக் கொண்டுவர, அமெரிக்க நடுத்தர வீடுகளின் தரை சுவருக்குச் சுவர் மூடப்பட்டது. அடியில் சணல் துணியும் பசையும் இருந்ததால் தண்ணீர் இப்போது உண்மையான எதிரி. அதிகம் நனைத்தால் சணலின் பழுப்பு மேலேறும். மேலே துடைத்த காபியின் மிச்சம் அடியிலிருந்து ஈரத்தோடு ஏறி, காய்ந்தபின் மறுநாள் அதே இடத்தில் தலைகாட்டும்.

நைலானுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் மூலக்கூறு முனைகளில் அமீன் என்ற தொகுதிகள் இருக்கின்றன. அமிலக் குளியலில் அவை மின்னேற்றம் பெற்று, எதிர் மின்னேற்றம் கொண்ட சாயங்களை இறுகப் பற்றும். ஆலையில் நைலானுக்கு நிறம் ஏற்றுவது இப்படித்தான். அமெரிக்கக் குழந்தைகளின் சிவப்புப் பானங்களில் 1970களிலிருந்து சேர்த்த ரெட் 40 என்ற உணவுச் சாயமும் இதே வகை. பானத்தில் புளிப்புக்காகச் சேர்த்த சிட்ரிக் அமிலமோ சாயக்காரரின் அமிலக் குளியலேதான். கம்பளத் தொழிலின் கறைச் சோதனையே ரெட் 40ஐச் சிட்ரிக் அமிலத்தில் கரைத்து ஊற்றிப் பார்ப்பது என்றால் இது எவ்வளவு நேரடியான உறவு என்று தெரியும். குழந்தை கவிழ்த்த கோப்பை தரையில் ஒரு சிறிய சாயப்பட்டறையை நடத்திவிடுகிறது. அந்த இடத்தில் வினிகரும் வெந்நீரும் ஊற்றச் சொல்லும் அறிவுரை சாயத்தை இன்னும் அழுத்திப் பிடிக்க உதவும். அமிலமும் சூடும் சாயக்காரருடைய இரண்டு கைகள். உடனே உலர்ந்த துணியை அழுத்தி உறிஞ்சவிடுவதும் குளிர்ந்த நீரும்தான் அங்கே செல்லும்.

இந்தச் சாயப்பட்டறையை மூடுவதற்கு வேதியியல் இரண்டு வழிகளைக் கண்டது. 1953இல் 3எம் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஒருவர் காலணிமேல் சிந்திய ஃபுளோரின் கலவை எதனாலும் கழுவப்படாமல் நின்றதைப் பாட்சி ஷெர்மனும் சாமுவேல் ஸ்மித்தும் கவனித்தார்கள். அதிலிருந்து வந்த ஸ்காட்ச்கார்ட், எண்ணெயும் தண்ணீரும் இழையில் ஒட்டாமல் உருண்டோடச் செய்தது. இரண்டாவது வழியில், சாயம் பிடிக்கும் முனைகளில் நிறமற்ற ஒரு பொருளை முன்னதாகவே உட்காரவைத்தார்கள். பிறகு வரும் சிவப்புக்கு இருக்கை இல்லை. இரண்டையும் சேர்த்து 1986இல் டூபாண்ட் ஸ்டெயின்மாஸ்டர் என்ற பெயரில் விற்றது. உயர நாற்காலியில் உட்கார்ந்த குழந்தை உணவுத் தட்டைக் கம்பளத்தில் வீசும் விளம்பரம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெரும் பெயர் பெற்றது. அந்த விளம்பரத்தில் எனக்கு உறைப்பது குழந்தையின் குறும்பு இல்லை. நாற்காலிக்கு அடியில் ஒரு துணிகூட இல்லை என்பது. நடுவே இருந்த மலிவான பொருளை எடுத்துவிட்டு, அதன் வேலையை இழையின் மேல் பூசிய ஒரு மெல்லிய படலத்திடம் கொடுத்தாயிற்று.

சோஃப்ரேயை உதறினால் துணுக்குகள் முற்றத்துக் கோழிக்குப் போகும். படலம் எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. ஃபுளோரினும் கார்பனும் சேர்ந்த பிணைப்பு இயற்கையில் எளிதில் உடையாது. கறையை நெருங்கவிடாத அதே உறுதிதான் காரணம். பொதுமக்களின் இரத்தத்தில் பிஃபாஸ் (PFOS) என்ற ஃபுளோரின் சேர்மம் பரவலாகக் காணப்பட்டபின், 2000 மே மாதத்தில் 3எம் அதன் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது; 2009இல் அது ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் ஏறியது. டால்ட்டனில் கம்பள ஆலைகளிலிருந்து வந்த கழிவுநீரைச் சுத்திகரித்து ஆற்றோரக் காட்டில் தெளித்துவந்தார்கள். அந்தக் கொனசாகா ஆற்று நீரில் இந்தச் சேர்மங்கள் மிகுந்த அளவில் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டனர். அந்த நீர் கூசா ஆற்றில் சேர்ந்து அலபாமாவுக்குள் போகிறது. ஆற்றின் கீழ்ப்போக்கில் ஏறத்தாழ நூறு மைல் தொலைவில் அதைக் குடிநீராக எடுக்கும் கேட்ஸ்டன் நகரின் நீர் வாரியம் 2016இல் கம்பள ஆலைகள்மீது வழக்குத் தொடுத்தது. எங்களுக்கு இந்த வேதிப்பொருளை விற்றவர்கள் பாதுகாப்பானது என்றார்கள், நம்பினோம் என்பது ஆலைகள் தரப்பு.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. ஓடைக்குப் போகும் கம்பளமும் மேசையடி ட்ரக்கெட்டும் யாருடைய உழைப்பில் நடந்தன? நனைந்த கம்பளத்தின் பாரத்தைத் தூக்கிய கூலியாள், விடியலில் தேயிலை தூவிய வேலைக்காரி. நைலான் கம்பளம் கூலியாள் இல்லாத வீட்டிலும் வெதுவெதுப்பான தரையைக் கொடுத்தது. அதைப் பழிப்பது வசதி படைத்தவர்களின் ஏக்கம் என்று சொல்லலாம். பாதி சரி. ஆனால் பழைய ஏற்பாட்டில் உழைப்பு கேட்டது கம்பளத்தைக் கழுவும் பகுதி; கொட்டாமல் காத்த பகுதி ஏழை வீட்டுக்கும் எட்டியது. ஒரு துணியை விரித்து உதற வேலைக்காரி வேண்டாம். பவானி ஜமுக்காளம் போன்ற தட்டையான பருத்தி விரிப்பை இரண்டு பேர் சுருட்டித் தண்ணீருக்குக் கொண்டுபோகலாம். ஆணி அடித்த கம்பளம் மிச்சம் பிடித்ததாகச் சொன்ன உழைப்பிலும் ஒரு பங்கு தொலைந்துபோகவில்லை. வாடகை வெந்நீர் இயந்திரம், நுரைப் புட்டி, ஆற்றின் கீழ்ப்போக்கில் நீரை வடிகட்டும் ஆலை என்று வேறு தலைகளில் ஏறியிருக்கிறது. ஃபுளோரின் சேர்மங்கள் தீயணைப்பு நுரையிலும் ஒட்டாத சட்டியிலும் இருந்தனவே, கம்பளத்தை மட்டும் ஏன் சொல்லவேண்டும் என்றும் கேட்கலாம். எரியும் எண்ணெய்க்கு நுரையைத் தவிர வழி குறைவு. கொட்டிய பழச்சாற்றுக்கு ஒரு துணி போதும்.

அமெரிக்கச் சந்தையில் இன்று வீட்டுக் கம்பளம் பெரிதும் பாலியஸ்டருக்கு மாறிவிட்டது. அதில் ஒரு பங்கு பழைய பானப் புட்டிகளை உருக்கி இழுத்த இழை. பாலியஸ்டரில் அமீன் முனைகள் இல்லை. ரெட் 40க்குப் பிடிமானம் கிடைக்காது. சிவப்புப் பானம் இருந்த புட்டி, சிவப்புப் பானம் ஒட்டாத தரையாகிறது. ஆனால் பாலியஸ்டர் எண்ணெயை விரும்பும் இழை, எண்ணெயில் கரைந்த நிறத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். மஞ்சளின் குர்குமின் தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரையும் பொருள். பருத்தி வேட்டியில் பட்ட குழம்பை நம் வீடுகளில் துவைத்து வெயிலில் போட்டுவிடுவார்கள், மாலைக்குள் மஞ்சள் வெளுத்துவிடும். நியூ ஜெர்சியில் அடுக்குமாடி வீட்டின் சுவருக்குச் சுவர் விரித்த பாலியஸ்டரில் சாம்பார் கொட்டினால், அதை எந்த வெயிலுக்குக் கொண்டுபோவது?