வாசலுக்கு வந்த மருத்துவிச்சி

1857ஆம் ஆண்டு ‘பிரசவ வைத்தியம்’ என்றொரு தமிழ் நூல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. டப்ளின் மருத்துவர் ஹென்றி மான்செல் எழுதிய பாடநூலின் தமிழாக்கம் அது. அதைக் கொண்டுவந்தவர் மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்திய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்திறங்கியவர், தமிழ் படித்து, பிற்காலத்தில் வைத்திய வகுப்பையே தமிழில் நடத்தினார். ஆனால் அவரிடம் படித்தவர்கள் எல்லோரும் ஆண்கள். பிள்ளைப்பேறு நடக்கும் அறைக்குள் ஆண்பிள்ளை கால்வைக்காத ஊர் அது. புத்தகம் படித்தவனுக்கு உள்ளே இடமில்லை, உள்ளே இருந்தவளுக்குப் புத்தகம் எட்டவில்லை.

உள்ளே இருந்தவள் மருத்துவிச்சி. பெரும்பாலும் முடிதிருத்தும் குலத்துப் பெண். தாயிடமோ மாமியிடமோ கூடமாட இருந்து தொழில் பழகியவள். வயிற்றுக்குத்துத் தொடங்கியதும் ஆள் அனுப்புவார்கள். எந்தச் சாமமானாலும் வருவாள். குழந்தையைப் பிடித்து, கொடி அறுத்து, தாயையும் பிள்ளையையும் குளிப்பாட்டி, நாட்கணக்கில் அந்த வீட்டோடு இருப்பாள். பிள்ளைபெற்றவளைத் தேடி வருவதாக நம்பப்பட்ட கொத்திப் பேய்க்குக் கழிப்புக் கழிப்பதும் அவள் பொறுப்பே. ஆண்குழந்தை என்றால் கூரையில் தட்டும் ஓசை அயலுக்குச் செய்தி சொல்லும். குழந்தையைக் கையில் ஏந்தி அவள் பாடிய வாழ்த்துகளை ‘மருத்துவிச்சி வாழ்த்து’ என்ற பெயரில் நாட்டார் பாடல் தொகுப்புகளில் இன்றும் பார்க்கலாம். கூலி நெல்லும் சேலையுமாக வரும். குலமுறைமை பார்த்த அதே வீட்டில் மற்ற நாட்களில் அவளுக்கு முற்றத்தோடு நிறுத்தம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிள்ளை பிறந்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. அந்த நாட்களில் தாய்க்கு மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி சேர்த்து அரைத்த காயம். பால் ஊற பால்சுறா. உடம்பு நோவுக்கு இலைகள் அவித்த வெந்நீர்க் குளிப்பு. வீட்டு வேலை கிடையாது. இந்தப் பத்தியத்தில் பெரும்பகுதியை இன்றைய மருத்துவரும் குறை சொல்லமாட்டார். வேலை செய்து களைத்த பெண்ணுக்கு ஆண்டுக்கணக்கில் கிடைக்காத ஓய்வு அந்த ஒரு மாதத்தில்தான் கிடைத்தது. பிசகு வேறிடத்தில் இருந்தது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சீனித்தண்ணி தொட்டுவைப்பது, தாய்க்குத் தண்ணீரை மறுப்பது, கையில் அகப்பட்ட கத்தியால் கொடி அறுப்பது. ஏழெட்டு நாளில் குழந்தைக்கு ஏற்பு வலி கண்டால், தாய்க்குக் குளிர்காய்ச்சல் கண்டால், பழி கொத்தியின் தலையில் விழும்.

இதற்காக மருத்துவிச்சியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. கிறீன் யாழ்ப்பாணம் வந்த அதே 1847இல்தான் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் தம் மாணவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்னார். பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு மருத்துவர்கள் நேரே பிரசவ அறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்த பிரிவில் செத்த தாய்மாரின் தொகை, மருத்துவிச்சிகள் பார்த்த பிரிவைவிட மிக அதிகம். கை கழுவியதும் சாவு சரிந்தது. ஆனாலும் மூத்த மருத்துவர்கள் பலர் அவர் பேச்சை ஏற்கவில்லை.

இலங்கையில் ஆஸ்பத்திரிப் பிரசவம் மெதுவாகத்தான் வந்தது. 1879இல் சார்ல்ஸ் ஹென்றி டி சொய்சா என்ற தனவந்தரின் கொடையால் கொழும்பில் பிள்ளைப்பேற்று மனை ஒன்று திறக்கப்பட்டது. இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. வடக்கில் 1898இல் இணுவிலில் பெண்களுக்கென்றே மக்லியோட் ஆஸ்பத்திரி எழுந்தது. பெண் மருத்துவர் பார்க்கிறார் என்பதால் ஆஸ்பத்திரியை நினைத்தும் பாராத குடும்பங்கள்கூட மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தன. யாழ்ப்பாணத்தில் பல தலைமுறைகளின் பிறந்த இடம் அது. என்றாலும் வண்டி போகும் தூரத்தில் இருந்தவர்களுக்கே இந்த வசதி. வன்னிக் காட்டோரத்திலோ மட்டக்களப்பு வாவிக்கு அப்பாலோ வலி கண்டவளுக்குப் பழைய மருத்துவிச்சியை விட்டால் ஆளில்லை.

கதை திரும்பியது தெற்கே, களுத்துறையில். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு 1926இல் அங்கே முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. நோயாளி வரட்டும் என்று காத்திருக்கும் டிஸ்பென்சரி முறையைப் புரட்டிப்போட்ட ஏற்பாடு இது. ஒரு பிரதேசத்தை வரையறுத்து, அதற்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பரிசோதகர்கள், தாதியர், பயிற்சி பெற்ற மருத்துவிச்சிகள். மருத்துவிச்சிக்குக் கிராமங்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்த எல்லைக்குள் எந்தப் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்பதை அவள் தேடிப்போய் அறிந்து பதிவேட்டில் எழுத வேண்டும்.

அந்தப் பதிவேடு சாதாரண விஷயமல்ல. ஆஸ்பத்திரி என்னதான் பெரிதாக இருந்தாலும் தன் வாசலுக்கு வராதவளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பதிவேடு வைத்திருப்பவளுக்குத் தெரியும்: யாருக்கு இது ஆறாம் பிள்ளை, யாருக்குப் போன தடவை இரத்தம் போனது, யார் இரண்டு கிளினிக்குக்கு வரவில்லை. வராதவளின் படலையை அடுத்த நாள் அவள் திறப்பாள். கால் வீங்கியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்ப்பாள். கண்ணின் கீழிமையை இழுத்து இரத்தச்சோகை பார்ப்பாள். சிறுநீரைச் சோதனைக் குழாயில் சூடாக்கி, வெள்ளையாகத் திரள்கிறதா என்று கவனிப்பாள். திரண்டால் அது வலிப்பு வரக்கூடும் என்பதற்கான முன்னறிவிப்பு; அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியே தீர வேண்டும். மற்றவர்களுக்கு வீட்டிலேயே, கொதிக்கவைத்த கத்தரிக்கோலும் நூலுமாகப் பிரசவம் பார்ப்பாள்.

பலன் உடனே கிடைத்துவிடவில்லை. 1930களில் இலங்கையில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். அதாவது ஐம்பது பிரசவத்துக்கு ஒரு சாவு. 1934-35இல் மலேரியா தீவையே புரட்டிப்போட்டு ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோனது. இரத்தம் வற்றிய கர்ப்பிணிகள் அதற்கு எளிதில் இரையானார்கள். 1946இல் டி.டி.டி. தெளிப்பு தொடங்க மலேரியா பின்வாங்கியது. பென்சிலின், இரத்தம் ஏற்றும் வசதி, ஆம்புலன்ஸ், கிராமத்துக்கு அருகே பிரசவ விடுதிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்துசேர்ந்தன. 1947இல் லட்சத்துக்கு ஆயிரத்துக்குச் சற்று மேலே இருந்த தாய் மரணம், மூன்றே ஆண்டில் ஏறக்குறைய பாதியானது. மருந்தும் வாகனமும் இல்லாமல் மருத்துவிச்சியால் மட்டும் இது நடந்திருக்காது. ஆனால் அந்த மருந்தும் வாகனமும் யாருக்கு எப்போது தேவை என்று அறிந்து சொல்ல, இருபது ஆண்டாகப் படலை படலையாக ஏறி இறங்கிய ஒருத்தி ஏற்கனவே அங்கே இருந்தாள். பணக்கார நாடாகாமலே இலங்கை இதைச் சாதித்தது எப்படி என்று பிற்காலத்தில் உலக வங்கி ஒரு நூலே வெளியிட்டது.

தேயிலைத் தோட்டங்களின் மலையகத்துக்கு இந்தக் கதை பொருந்தாது. அங்கே சட்டம் முந்தி வந்தது. பிள்ளைபெற்ற தொழிலாளிப் பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் கொடுக்க வேண்டும், அந்த மாதத்தில் வேலை வாங்கக் கூடாது என்று 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்ட நிர்வாகத்துக்கு விதித்தது. 1939இல் மகப்பேற்று நன்மைச் சட்டமும் வந்தது. ஏட்டில் பார்த்தால் கிராமத்துப் பெண்ணைவிடக் கொழுந்து பறிப்பவள் கொடுத்துவைத்தவள். நடப்பு வேறு. மருத்துவிச்சி தோட்டத்தின் சம்பளக்காரி; அரசாங்கத்தின் சுகாதாரப் பிரிவு தோட்ட எல்லையோடு நின்றது. பத்தடி லயத்துக் காம்பராவில் பிரசவம். சிக்கலானால் நடுராத்திரியில் தோட்டத் துரையின் அனுமதியோடு கொழுந்து லொறி. அந்த மாதம் முடிந்ததும் தாய் மலைக்கு ஏற, குழந்தை பிள்ளைக்காம்பராவுக்குப் போகும். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகும் அங்குள்ள சுகாதாரத்தைப் பொதுச் சேவையோடு சேர்க்கும் வேலை பல ஆண்டு இழுத்தடித்தது. தீவின் சராசரி இறங்கியபோதெல்லாம் மலையகம் சில படி பின்னாலேயே வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்று இலங்கையில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். பொதுச் சுகாதார மருத்துவிச்சி, தமிழ்ப் பகுதிகளின் வழக்கில் குடும்பநல உத்தியோகத்தர், இப்போது பிரசவம் பார்ப்பதே இல்லை என்று சொல்லலாம். ஆனால் வேலை குறைந்ததாக, ஊரார் ‘மிஸ்’ என்று கூப்பிடும் இவர்களில் எவரும் சொல்லமாட்டார். ஒன்றரை ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகு ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு ஒருவர். கல்யாணமான கையோடு பெண்ணின் பெயர் பதிவேட்டில் ஏறுகிறது. கர்ப்பிணி அட்டையின் ஒரு பிரதி தாயிடம், மற்றது கிளினிக்கில். மாதாந்தம் திரிபோஷ என்ற சத்துமாப் பைக்கற். பிள்ளை பிறந்த முதல் பத்து நாளில் இரண்டு தடவை வீட்டுக்கு வர வேண்டும். ஒரு தாய் இறந்தால், எந்தச் சந்திப்பில் என்ன தவறியது என்று மருத்துவ அதிகாரிகளோடு அவரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

வீட்டில் அவருக்குப் பழைய வாதம் இன்னும் காத்திருக்கிறது. காயம் அரைத்துக்கொண்டிருக்கும் அம்மம்மா, தாய்க்குத் தண்ணி குடுத்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பார். “காயம் குடுங்கோ அம்மா, நல்லது. தண்ணியையும் குடுங்கோ, பால் பிறகு எப்பிடி ஊறும்?” என்பார் மிஸ். தொப்புளைப் பார்த்து, பூசியிருக்கும் பவுடரைத் துடைக்கச் சொல்வார். அனுபவசாலிகள் காயத்தோடு மோதுவதில்லை. பவுடரோடும் சீனித்தண்ணியோடும்தான் மோதுவார்கள்.

வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்தில் இந்தப் பதவிகள் பல நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்தன. வன்னியில் பழைய மருத்துவிச்சிகள் மறுபடி பிரசவம் பார்த்தார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியில் திரிபோஷவுக்குத் தட்டுப்பாடு வந்தது, ஸ்கூட்டருக்குப் பெற்றோல் கிடைக்கவில்லை. மூவாயிரம் பேர் என்ற கணக்கும் ஆள் பற்றாத இடங்களில் கடதாசியோடு நின்றுவிடுகிறது. ஒருவர் இரண்டு பிரிவுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, முதலில் விடுபடுவது அந்த வீட்டுச் சந்திப்புகள்தான்.